போட்ட பணம் எத்தனை நாளில் திரும்பும்?

ஆடியும் மார்கழியும் கழிந்தால் போதும். கோவையிலும் திருப்பூரிலும் புதுப் பட்டறைக்குப் பூசை போடாத நாள் குறைவு. வாசலில் வாழைமரம் கட்டுகிறார்கள். எந்திரத்துக்குச் சந்தனமும் குங்குமமும் வைக்கிறார்கள். உற்றார் உறவினர் கூடி வாழ்த்திவிட்டுப் போகிறார்கள்.

இரண்டு ஆண்டு கழித்து அதே தெருவுக்குப் போனால் இரண்டு விதமான காட்சி தெரியும். ஒரு பட்டறை பக்கத்துக் கட்டிடத்தையும் சேர்த்துப் பிடித்திருக்கும். இன்னொன்றின் கதவில் "இடம் வாடகைக்கு" என்ற அட்டை தொங்கும்.

இருவரும் உழைத்தவர்களே. இருவருக்கும் தொழில் தெரியும். இருவரிடமும் ஆர்டர் இருந்தது. பிறகு ஏன் ஒருவர் ஏறினார், மற்றவர் இறங்கினார்?

அதிர்ஷ்டம் என்பார் சிலர். ஜாதகம் என்பார் சிலர். பேரேட்டைப் புரட்டிப் பார்த்தால் வேறொரு காரணம் புலப்படும். அது லாபக் கணக்கு அல்ல, நாள் கணக்கு! தொழிலில் போட்ட பணம் எத்தனை நாளில் கைக்குத் திரும்பி வந்தது என்பதே அந்தக் கணக்கு.

புதிதாகத் தொழிலில் இறங்குவோர் விரைவில் முன்னேறக் கொங்கு நாட்டின் நூறாண்டு அனுபவம் சொல்லும் முதல் பாடம் இதுதான்.

ஒரு லட்ச ரூபாய்க் கணக்கு

இரண்டு பேர் ஆளுக்கு ஒரு லட்ச ரூபாய் கைமுதல் போட்டுத் தொழில் தொடங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இருவருக்கும் சரக்கு ஒன்றே. வட்டி நீங்கலாக, மற்றச் செலவெல்லாம் போக நூற்றுக்கு ஐந்து ரூபாய் லாபம். அதுவும் ஒன்றே.

முதலாமவர் சரக்கை விற்று 30 நாளில் பணத்தைக் கையில் வாங்கிவிடுகிறார். அதையே மறுபடி தொழிலில் போடுகிறார். ஆண்டுக்கு 12 முறை அந்த ஒரு லட்சம் சுற்றி வருகிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் 5 ஆயிரம் ரூபாய். ஆக மொத்தம் 60 ஆயிரம் ரூபாய் லாபம்.

இரண்டாமவர் கடனுக்குச் சரக்கைக் கொடுக்கிறார். பணம் வர 120 நாள் ஆகிறது. ஆண்டுக்கு மூன்று சுற்றுதான். அவருடைய லாபம் 15 ஆயிரம் ரூபாய்.

அந்த ஒரு லட்சமும் வட்டிக்கு வாங்கியது என்றால் நிலைமை இன்னும் மோசம். நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் வட்டி என்றால் ஆண்டுக்கு 24 ஆயிரம் ரூபாய் வட்டிக்கே போய்விடும். முதலாமவர் கையில் 36 ஆயிரம் ரூபாய் மிஞ்சும். இரண்டாமவருக்கு 9 ஆயிரம் ரூபாய் நஷ்டம்!

ஒரே தொழில். ஒரே லாப விகிதம். ஒருவர் வாழ்கிறார், மற்றவர் மூழ்குகிறார். வித்தியாசம் நாளில்தான் இருக்கிறது.

"நல்ல லாபம் உள்ள தொழில் எது?" என்று கேட்பவர்கள் பலர். "பணம் சீக்கிரம் திரும்பும் தொழில் எது?" என்று கேட்பவர்கள் சிலர். அந்தச் சிலர்தான் விரைவில் முன்னுக்கு வருகிறார்கள்.

ஒரே ஒரு பஸ்!

கோவையின் பெயரைச் சொன்னாலே நினைவுக்கு வருபவர் ஜி.டி.நாயுடு. 1893-ஆம் ஆண்டு கோவைக்கு அருகே கலங்கல் கிராமத்தில் பிறந்தவர். பள்ளிப் படிப்பில் அவருக்கு நாட்டம் இல்லை. வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டி வந்த மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்தார். அதை வாங்குவதற்காகவே கோவைக்கு வந்து ஓட்டலில் வேலை பார்த்துப் பணம் சேர்த்தார். வாங்கிய வண்டியை அக்கக்காகக் கழற்றினார், மறுபடி பூட்டினார். எந்திரத்தின் மர்மத்தை அப்படித்தான் கற்றார்.

அவரும் சறுக்கி விழுந்தவர்தான். பருத்தித் தொழிலில் ஈட்டிய பணத்தைப் பம்பாய்ப் பருத்திச் சந்தையில் இழந்தார். ஊர் திரும்பிய பின் 1920-இல் ஒரே ஒரு பஸ்ஸை வைத்துப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டத் தொடங்கினார்.

பஸ் தொழிலில் ஒரு விசேஷம் உண்டு. பிரயாணி முதலில் காசு கொடுக்கிறான். பிறகுதான் ஊர் போய்ச் சேருகிறான். காலையில் போட்ட பெட்ரோல் செலவு மாலையில் டிக்கெட் காசாகத் திரும்பிவிடுகிறது. கடன் இல்லை, பாக்கி இல்லை. அந்த ஒரு பஸ், யு.எம்.எஸ். என்ற பெரிய பஸ் நிறுவனமாக வளர்ந்தது. அங்கே கிடைத்த வருவாயும் அனுபவமும் அவரை மற்றத் தொழில்களுக்குக் கொண்டு சென்றன. 1937-இல் கோவையில் மின்சார மோட்டார் தயாரிப்பில் அவர் முன்னோடியாக நின்றார்.

பம்பாய்ச் சந்தையில் கிடைக்காத வேகம் பொள்ளாச்சிச் சாலையில் கிடைத்தது. காரணம், முதலாவது சூதாட்டம் போன்றது. இரண்டாவது, கைக்குத் தெரிந்த வேலை; அன்றாடம் காசு.

எல்லாம் சொந்தமாக வேண்டுமா?

கோவை தொழில் நகரமானது ஒரே நாளில் அல்ல. 1888-இல் ஸ்டேன்ஸ் துரை முதல் பஞ்சாலையைத் தொடங்கினார். 1932-இல் பைகாரா நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் வந்தது. ஆலைகள் பெருகின. ஆலை எந்திரத்துக்கு உதிரிப் பாகம் வேண்டியிருந்தது. வறண்ட பூமியில் ஆழக் கிணற்றிலிருந்து நீர் இறைக்க மோட்டாரும் பம்பும் வேண்டியிருந்தன. பீளமேடு, கணபதி, சிங்காநல்லூர் என்று பட்டறைகள் முளைத்தன.

இதனால் புதியவருக்குக் கிடைத்த வரப்பிரசாதம் ஒன்று உண்டு. ஒரு மோட்டார் செய்ய எல்லா எந்திரமும் ஒருவரிடமே இருக்க வேண்டியதில்லை. வார்ப்புக்கு ஒரு பவுண்டரி, கடைசலுக்கு ஒரு லேத் பட்டறை, கம்பி சுற்ற ஓர் இடம், பெயிண்டு அடிக்க ஓர் இடம். எல்லாம் சில மைல் தூரத்துக்குள். புவிசார் குறியீடு பெற்ற கோவை வெட் கிரைண்டரும் இப்படிப் பல கைகள் மாறித்தான் சமையலறைக்கு வந்து சேருகிறது.

திருப்பூரிலும் இதே முறைதான். நூலை வாங்கி ஒருவர் துணியாகப் பின்னுகிறார். இன்னொருவர் சாயம் போடுகிறார். மற்றொருவர் படம் அச்சிடுகிறார். வேறொருவர் பவர் டேபிளில் தைத்துக் கொடுக்கிறார். இதற்கு "ஜாப் ஒர்க்" என்று பெயர். பிறருடைய சரக்கை வாங்கி, தன் வேலையைச் செய்து, கூலி பெறுவது. துணி வாங்கப் பணம் முடங்காது. நாலைந்து தையல் எந்திரம் இருந்தால் போதும். ஒரு மனிதர் முதலாளி ஆகிவிடலாம்.

புதியவர்கள் பலர் தவறுவது இங்கேதான். கையில் இருக்கும் பணம், நகை, அடமானக் கடன் எல்லாவற்றையும் திரட்டிப் பளபளக்கும் எந்திரம் வாங்கிவிடுகிறார்கள். எந்திரம் வந்துவிட்டது. ஆனால் மூலப்பொருள் வாங்கவும், கூலி கொடுக்கவும், மின்கட்டணம் கட்டவும் பணம் இல்லை. எந்திரத்தில் போன பணம் பல ஆண்டுகளில்தான் திரும்பும். சரக்கில் போட்ட பணம் சில வாரங்களில் திரும்பும். எந்திரம் சும்மா நின்றாலும் கடனுக்கு வட்டி நிற்காது.

வெளியூரார் முந்தியது எப்படி?

திருப்பூரைப் பற்றிய ஓர் ஆராய்ச்சி இங்கே கவனிக்கத்தக்கது. அபிஜித் பானர்ஜி, கைவன் முன்ஷி என்ற இரு பொருளாதார அறிஞர்கள் திருப்பூர்ப் பனியன் ஏற்றுமதியாளர்களை ஆராய்ந்து 2004-இல் முடிவை வெளியிட்டார்கள். இவர்களில் பானர்ஜி, 2019-இல் நோபல் பரிசு பெற்றவர்.

உள்ளூர் விவசாயக் குடும்பங்களிலிருந்து வந்தவர்களுக்குப் பணத்துக்குப் பஞ்சம் இல்லை. உறவினரும் ஊராரும் கொடுத்தார்கள். ஆகவே அவர்கள் அதிக மூலதனத்தோடு தொடங்கினார்கள். வெளியூரிலிருந்து வந்தவர்களுக்கு அந்த வசதி இல்லை. குறைந்த மூலதனத்தோடு, சின்ன அளவில் தொடங்கினார்கள்.

ஆனால் நடந்தது என்ன? வெளியூரார் வேகமாக வளர்ந்தார்கள். சில ஆண்டுகளில் ஏற்றுமதி அளவில் உள்ளூராரை முந்திவிட்டார்கள்!

இதற்குக் காரணம் உள்ளூரார் சோம்பேறிகள் என்பதல்ல. எளிதில் பணம் கிடைத்தவர்கள் அதிக எந்திரம் வாங்கினார்கள். பணம் கிடைக்காதவர்கள் இருந்த பணத்தையே திரும்பத் திரும்ப வேலை வாங்க வேண்டியிருந்தது. அத்துடன், உறவினர் துணை இல்லாமல் வந்து நிலைக்க வேண்டுமானால் அவர்கள் கெட்டிக்காரர்களாகவும் இருந்தாக வேண்டும்.

பணம் குறைவு என்று ஏங்கும் புதியவர்களுக்கு இது ஆறுதலான செய்தி. வளர்ச்சியைத் தீர்மானிப்பது கைமுதலின் அளவு மட்டும் அல்ல. அது சுற்றும் வேகமும்தான்.

வேலை செய்த இடமே பள்ளிக்கூடம்

பணத்தைப் போலவே காலத்துக்கும் கணக்கு உண்டு. தொழிலைக் கற்கப் போகும் ஆண்டுகளும் ஒரு முதலீடே.

சரத் சாரி என்ற ஆராய்ச்சியாளர் 1990-களில் திருப்பூரில் தங்கி ஆராய்ந்து, 2004-இல் ஒரு நூல் வெளியிட்டார். பனியன் கம்பெனி முதலாளிகளில் பலர் முன்பு அதே தொழிலில் தொழிலாளிகளாக இருந்தவர்கள் என்பதை அவர் எடுத்துக் காட்டினார். விவசாயக் கூலியாகவும் சிறு விவசாயியாகவும் இருந்து, பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராகவும் தையற்காரராகவும் வேலை பார்த்து, பிறகு கூட்டுச் சேர்ந்து சொந்தமாகத் தொடங்கியவர்கள் அவர்கள்.

இதில் உள்ள லாபம் என்ன? எந்தத் துணி தண்ணீர் பட்டால் சுருங்கும், எந்தச் சாயம் வெளுக்கும், எந்த வியாபாரி சொன்ன தேதியில் பணம் தருவார், எவர் இழுத்தடிப்பார் என்பதெல்லாம் அவர்களுக்கு முன்பே தெரியும். பிறர் கம்பெனியில், பிறர் பணத்தில், சம்பளமும் வாங்கிக்கொண்டு கற்ற பாடம் அது. அதையே சொந்தப் பணத்தில் கற்றால் செலவு மிக அதிகம்.

கோவையைச் சேர்ந்த அருணாசலம் முருகானந்தம் இதற்கு எதிர்ப்புறமான உதாரணம். ஏழை நெசவாளர் குடும்பத்தில் பிறந்து, பள்ளியை விட்டு, பட்டறையில் வேலை பார்த்தவர். பெண்களுக்கான நாப்கினை மலிவாகச் செய்ய வேண்டும் என்று 1998-இல் முயற்சியைத் தொடங்கினார். பஞ்சை வைத்துச் செய்து பார்த்தார், பயன்படவில்லை. உள்ளே இருப்பது பஞ்சு அல்ல, மரக்கூழ் நார் என்று கண்டுபிடிக்கவே இரண்டு ஆண்டுக்கு மேல் ஆயிற்று. ஊரார் ஏசினார்கள். குடும்பமும் சில காலம் பிரிந்தது. ஆனாலும் அவர் விடவில்லை. எளிய எந்திரம் ஒன்றை உருவாக்கி, மகளிர் குழுக்களுக்கு விற்றார். 2016-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

அவருக்கு வேறு வழி இல்லை. அந்தத் தொழிலைச் சொல்லிக் கொடுக்கும் பட்டறை அவருக்கு அருகில் இல்லை. ஆனால் பனியன் தைக்கவும், பம்பு செய்யவும், முறுக்குச் சுடவும் சொல்லிக் கொடுக்கும் இடம் கொங்கு நாட்டில் தெருவுக்குத் தெரு இருக்கிறது. அங்கே ஓராண்டு வேலை பார்க்க வெட்கப்படுகிறவர், பிறகு மூன்றாண்டு நஷ்டப்பட நேரும்.

தீர்ந்து போகும் பொருள்

விற்கும் சரக்கின் தன்மையும் வேகத்தைத் தீர்மானிக்கும்.

ஈரோடு மஞ்சளுக்குப் பெயர் போன ஊர். அங்கே மஞ்சள் வியாபாரம் செய்துவந்த பி.சி.துரைசாமி 1975-இல் தொடங்கிய சிறு தொழில், சக்தி மசாலா என்ற பெரிய நிறுவனமாக வளர்ந்தது. மஞ்சள் தூள், மிளகாய்த் தூள், மல்லித் தூள் ஆகியவை எல்லா வீட்டிலும் தினமும் செலவாகும் பொருள்கள். டப்பா காலியானால் இல்லத்தரசி மறுபடி கடைக்குப் போக வேண்டும். ஒரு பொட்டலம் திருப்தி தந்துவிட்டால் அடுத்த பொட்டலத்தை விற்கத் தனி முயற்சி வேண்டாம்.

பீரோ விற்பவருக்கு ஒரு வீட்டில் ஒரு முறைதான் வியாபாரம். மாவு விற்பவருக்கு வாரம் இரண்டு முறை. இதனால் பீரோ செய்யக் கூடாது என்பதல்ல. பீரோ செய்பவருக்கு அதிகப் பொறுமையும் அதிகக் கைமுதலும் வேண்டும் என்பதைத் தெரிந்து இறங்க வேண்டும்.

வேகம் வேறு, அவசரம் வேறு!

விரைவில் பணக்காரராகும் ஆசையால் கொங்கு நாடு பட்ட அடியும் கொஞ்சமல்ல.

பெருந்துறை வட்டாரத்தில் ஈமு கோழி வளர்ப்பு என்ற பெயரில் ஓர் அலை வீசியது. லட்சக்கணக்கில் முன்பணம் கட்டினால் கோழிக் குஞ்சு தருவோம், தீனி தருவோம், மாதாமாதம் பணமும் தருவோம் என்றார்கள். விவசாயிகள் நிலத்தை அடமானம் வைத்துக் கட்டினார்கள். 2012-இல் எல்லாம் சரிந்தது. நிறுவனங்கள் பூட்டிக் கிடந்தன. பட்டியில் ஈமு கோழிகள் தீனியின்றித் தவித்தன.

திருப்பூரில் 2009-இல் அன்னியச் செலாவணி வியாபாரம் என்ற பெயரில் நடந்த மோசடியில் மக்கள் 900 கோடி ரூபாய்க்கு மேல் பறிகொடுத்தார்கள். 2022-இல் கோவைத் தனி நீதிமன்றம் அந்த நிறுவன இயக்குநர்கள் இருவருக்கு 27 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. குற்றவாளிகள் சிறைக்குப் போகலாம். போன பணம் முழுவதும் வருமா?

இவ்விரண்டிலும் ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் பலர் தப்பியிருப்பார்கள். "இந்தச் சரக்கைக் கடைசியில் காசு கொடுத்து வாங்குபவர் யார்?" ஈமு கறியைத் தினமும் வாங்கிச் சாப்பிடுவோர் ஊரில் இல்லை. புதிதாகச் சேர்பவர் கட்டும் பணத்தையே பழையவருக்குக் கொடுத்தால், அது தொழில் அல்ல. அங்கே பணம் சுற்றவில்லை, ஒழுகிக்கொண்டிருந்தது.

தொழிலின் அவசரம் ஊரையே கெடுத்த கதையும் உண்டு. திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவு பல ஆண்டுகள் நொய்யலில் கலந்தது. ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது. கீழே இருந்த விவசாயிகளின் நிலம் பாழாயிற்று. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி எழுநூறுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. செலவை மிச்சப்படுத்தியதாக நினைத்தார்கள். அது மிச்சம் அல்ல, பாக்கி! ஒரு நாள் வட்டியோடு வந்து நின்றது.

பதறாத காரியம் சிதறாது என்பது பழமொழி. நாளைக் குறைப்பது வேகம். வேலையைக் குறைப்பது அவசரம்.

பதின்மூன்று சனிக்கிழமைகள்

இன்று புதியவர்களின் காலைக் கட்டிப்போடும் பெரிய விலங்கு எது? வர வேண்டிய பாக்கி!

திருப்பூரில் சனிக்கிழமை சம்பள நாள். வேலை செய்தவர் அன்று கூலியை எதிர்பார்த்து நிற்பார். அதைக் கொண்டுதான் அவர் வீட்டில் அரிசி வாங்க வேண்டும். ஆனால் வேலை வாங்கிய பெரிய கம்பெனி 90 நாள் கழித்துப் பில் பணம் தருகிறது என்றால், நடுவில் பதின்மூன்று சனிக்கிழமைகள் வந்து போகும். பதின்மூன்று முறையும் சிறு முதலாளி தன் கையிலிருந்து சம்பளம் கொடுத்தாக வேண்டும். கையில் இல்லாவிட்டால் வட்டிக்கு வாங்க வேண்டும்.

உண்மையில் அங்கே நடப்பது என்ன? சிறியவர் பெரியவருக்கு வட்டியில்லாக் கடன் கொடுக்கிறார். ஏழை பணக்காரருக்குக் கடன் கொடுக்கும் விந்தை இது!

இதைத் தடுக்கச் சட்டம் இருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, எழுத்து மூலம் ஒப்பந்தம் இருந்தாலும் குறு, சிறு தொழில்களுக்கு 45 நாளுக்குள் பணம் கொடுத்துவிட வேண்டும். ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வீதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி, கொடுக்க வேண்டும்.

2024 ஏப்ரலில் இதற்குப் பல் முளைத்தது. குறித்த நாளுக்குள் பணம் தராத கம்பெனி, பணத்தைக் கொடுக்கும் ஆண்டு வரை அந்தத் தொகையைச் செலவாகக் காட்டி வருமான வரியில் கழிக்க முடியாது என்று வரிச் சட்டம் திருத்தப்பட்டது. வரி என்றதும் பெரிய கம்பெனிகளின் கணக்காளர்கள் தேதியைப் பார்க்கத் தொடங்கினார்கள்.

சட்டம் இருந்தும் ஏன் பாக்கி தீரவில்லை? பூனைக்கு யார் மணி கட்டுவது என்ற கதைதான். புகார் செய்தால் அடுத்த ஆர்டர் கிடைக்காது என்ற பயம். பதிவு பெற்றவர்களை விட்டுவிட்டு, பதிவு பெறாதவர்களிடம் வேலையைக் கொடுத்துவிடுவார்களோ என்ற அச்சமும் 2024-இல் ஜவுளி வட்டாரத்தில் எழுந்தது. அந்தப் பயத்தைப் பொய் என்று தள்ளிவிட முடியாது.

ஆனாலும் புதியவர் செய்யக் கூடியவை சில உண்டு. 2020 முதல் நடைமுறையில் உள்ள "உதயம்" பதிவைச் செய்துகொள்ள வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை. ஒவ்வொரு வேலைக்கும் பில் போட வேண்டும். பில்லில் பதிவு எண்ணும், பணம் தர வேண்டிய தேதியும் இருக்க வேண்டும். சரக்கைப் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்க வேண்டும். குறை இருந்தால் வாங்கியவர் 15 நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும் என்பதும் சட்டம். வாய்ச் சொல்லில் வியாபாரம் செய்தவருக்குச் சட்டமும் துணை நிற்க முடியாது.

ஒன்றைத் தெளிவாக அறிய வேண்டும். பொருளைச் செய்பவருக்கும் வேலை செய்து கொடுப்பவருக்கும்தான் இந்தப் பாதுகாப்பு. வாங்கி விற்கும் வியாபாரி உதயம் பதிவு செய்தாலும், பாக்கி வசூலுக்கு இந்தச் சட்டம் உதவாது. அவர் தம் எச்சரிக்கையையே நம்ப வேண்டும்.

ஒரே வாசலை நம்பலாமா?

2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குகளின் மீது 50 சதவிகிதம் வரை வரியை உயர்த்தியது. ஆண்டுக்கு 40 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் ஏற்றுமதி செய்யும் திருப்பூர் அதிர்ந்தது. அமெரிக்க வியாபாரிகள் பலர் ஆர்டரை நிறுத்தி வைத்தார்கள். விலையைக் குறைக்கச் சொன்னார்கள்.

அப்போது அமெரிக்காவை மட்டும் நம்பியிருந்தவர்கள் தவித்தார்கள். ஐரோப்பாவுக்கும் உள்நாட்டுக்கும் சேர்த்து விற்றவர்கள் ஓரளவு தாக்குப் பிடித்தார்கள்.

வாஷிங்டனில் போட்ட கையெழுத்துக்கும் அனுப்பர்பாளையத்தில் தைக்கும் பெண்ணின் வாரக் கூலிக்கும் அவ்வளவு நெருங்கிய தொடர்பு! சிறு பட்டறைக்கும் இதே நீதி பொருந்தும். மொத்த வேலையும் ஒரே கம்பெனிக்கு என்றால் தொடக்கத்தில் சுகமாக இருக்கும். அந்தக் கம்பெனி தும்மினால் பட்டறைக்குக் காய்ச்சல் வரும். சிறிய ஆர்டரானாலும் இரண்டாவது, மூன்றாவது வாடிக்கையாளரைத் தேடி வைத்துக்கொள்வது நல்லது. உடனே பணம் தரும் சின்ன வாடிக்கையாளர், இழுத்தடிக்கும் பெரிய வாடிக்கையாளரை விட மேல்.

இரண்டு உண்டியல்

கடைசியாக, வீட்டுக் கணக்கு. தொழில் நஷ்டப்படுவது பட்டறையில் மட்டும் அல்ல, வீட்டிலும்தான்.

புதிதாகத் தொடங்கியவர் கையில் திடீரென்று ஒரு லட்சம் வந்து விழும். அது முழுவதும் லாபம் என்ற மயக்கம் வரும். அதில் 95 ஆயிரம் நூலுக்கும் கூலிக்கும் போக வேண்டிய பணம் என்பது மறந்துபோகும். மோட்டார் சைக்கிள் வரும். காதுகுத்து தடபுடலாக நடக்கும். அடுத்த மாதம் சரக்கு வாங்கக் கையை விரிக்க வேண்டி வரும்.

வீட்டுக்கு ஓர் உண்டியல், தொழிலுக்கு ஓர் உண்டியல் என்று பிரித்து வைப்பதே பரிகாரம். முதலாளியும் மாதம் இவ்வளவு என்று தமக்குச் சம்பளம் எடுத்துக்கொண்டு, மீதியைத் தொழிலிலேயே விட வேண்டும். பேரேட்டை வீட்டுப் பெண்களும் பார்ப்பது மிக நல்லது. கடன் கொடுக்கும்போது கணவருக்கு வரும் தாட்சணியம், கணக்கைப் பார்க்கும் மனைவிக்கு வராது! அடமானம் போகும் நகை அவருடையது. கேட்கும் உரிமையும் அவருக்கு உண்டு.

கடன் வாங்குவது பாவம் அல்ல. 2015-இல் தொடங்கிய முத்ரா திட்டத்தில் சிறு தொழிலுக்கு வங்கிகள் கடன் தருகின்றன. மாவட்டத் தொழில் மையத்துக்குச் சென்றால் மானியத் திட்டங்களைப் பற்றிச் சொல்வார்கள். ஆனால் கடன் பணமும் சுற்றத்தான் வேண்டும். எந்த மாதம் எங்கிருந்து தவணை கட்டப் பணம் வரும் என்று எழுதிப் பார்க்காமல் கையெழுத்துப் போடக் கூடாது.

கேட்க வேண்டிய ஐந்து

நல்ல நாள் பார்ப்பதற்கு முன் குடும்பத்தோடு உட்கார்ந்து ஐந்து கேள்விகளைக் கேட்டுக்கொள்ளலாம். இந்தத் தொழிலைப் பிறரிடம் வேலை பார்த்துக் கற்றாயிற்றா? கடைசியில் காசு கொடுத்து இதை வாங்குபவர் யார்? போட்ட பணம் எத்தனை நாளில் திரும்பும்? அத்தனை நாளும் கூலி கொடுக்கக் கையில் பணம் இருக்கிறதா? ஒரு வாடிக்கையாளர் போனால் இன்னொருவர் இருக்கிறாரா?

ஐந்துக்கும் விடை இருந்தால் துணிந்து தொடங்கலாம். விடை இல்லாவிட்டால் ஆறு மாதம் தள்ளிப் போடலாம். அந்த ஆறு மாதம் வீண் அல்ல.

சனிக்கிழமைதோறும் கூலியைத் தவறாமல் கொடுக்கும் பட்டறைக்கு நல்ல தொழிலாளி தானே வருவார். நல்ல தொழிலாளி இருக்கும் இடத்தைத் தேடி நல்ல ஆர்டர் வரும். அந்தக் கூலிக்கான பணத்தை வாரம் தவறாமல் எடுத்து வைக்கக் கற்றவரே, தொழிலின் முதல் படியைத் தாண்டியவர்.